செம்பனை ஓடும் ஒரு கண்டிப்பான கோடும்

ஜொகூர் தோட்டங்களில் செம்பனைக் குலையின் எண்ணெய் விளைச்சலைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பருப்பைச் சுற்றியிருக்கும் ஓட்டின் தடிமன். டூரா வகைக்குத் தடித்த ஓடு. பிசிஃபெராவுக்கு ஓடே இல்லை. அது பெரும்பாலும் காய் பிடிப்பதும் இல்லை. இரண்டையும் கலந்து பெறும் தெனெராவுக்கு மெல்லிய ஓடு, டூராவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய். இந்த வேறுபாடு முழுவதற்கும் ஷெல் என்ற ஒரே மரபணு காரணம் என்று மலேசியச் செம்பனை வாரியத்தின் ராஜிந்தர் சிங்கும் குழுவினரும் 2013இல் நேச்சர் இதழில் அறிவித்தார்கள். அந்த மரபணு தரும் புரதம் டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களைப் பற்றிக்கொண்டு வேறு மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது; அது மூலக்கூறின் பணி. அதன் விளைவாகப் பழத்துக்குள் ஓடு உருவாகிறது. அது உயிரியல் நிகழ்முறை. ஒன்று மற்றொன்றில் அடங்கியது என்பது வாசகருக்குச் சொல்லாமலே விளங்கும். கணினிக்கு விளங்க வேண்டுமானால் யாராவது கோடு போட்டுக் காட்ட வேண்டும். அவ்வகைக் கோட்டைப் போட உயிரியல் உலகம் பத்தாண்டு தயங்கியதில் நியாயம் இருந்தது. கடைசியில் போட்டபோது அது வைத்துக்கொண்ட விதி, பலருக்கு எரிச்சல் தந்தாலும், கண்டிப்பாகவே இருக்க வேண்டியது.

அத்தகைய கோடுகள் வரையப்பட்ட ஜீன் ஆன்டாலஜி 1998இல் தொடங்கியது. பழ ஈ, சுண்டெலி, ஈஸ்ட் ஆகியவற்றின் மரபணுத் தரவுத்தளங்களைப் பராமரித்தவர்கள், ஒரே செயலுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டிருந்தால் ஒப்பிடவே முடியாது என்று உணர்ந்து பொதுச் சொற்றொகுதி ஒன்றை அமைத்தார்கள். 2000இல் மைக்கேல் ஆஷ்பர்னரும் பிறரும் நேச்சர் ஜெனெட்டிக்ஸ் இதழில் அதை விளக்கினார்கள். மூலக்கூறுப் பணி, உயிரியல் நிகழ்முறை, செல்லின் உறுப்பிடம் என மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சொற்கள் ‘இன்னதன் வகை’, ‘இன்னதன் பகுதி’ என்ற உறவுகளால் அடுக்கப்பட்டன. பிரிவுகளுக்கு இடையே மட்டும் கோடு கிடையாது. ஒரு புரதம் பல நிகழ்முறைகளில் பங்கெடுக்கும், ஒரு நிகழ்முறைக்குப் பல புரதங்கள் வேண்டும். அவசரப்பட்டுக் கலந்தால் கீழே விழுந்த ஒரு பிழை, மேலே உள்ள சொல் ஒவ்வொன்றுக்கும் ஏறிப் போய்விடும்.

இந்த எச்சரிக்கைக்கும் ஒரு விலை இருந்தது. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராசிப் ஒத்மான், சஃபாய் டெரிஸ், ரோஸ்லி இலியாஸ் மூவரும் 2008இல் யூடிஎம்ஜிஓ என்ற கருவியைப் பற்றி ஜர்னல் ஆஃப் பயோமெடிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ் இதழில் எழுதினார்கள். அன்றைய ஜீன் ஆன்டாலஜித் தேடுகருவிகள் எழுத்தொப்புமையை மட்டும் பார்த்தன. இவர்களோ சொற்களின் பொருள் நெருக்கத்தைக் கணக்கிட்டு, மரபியல் அல்காரிதம் ஒன்றைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டி, உறவுள்ள சொற்களைக் கூட்டமாக மீட்டார்கள். பெயர் தெரியாத புரதத் தொடர்களுக்குப் பணி குறிக்க, இணையத் தொடர்பின்றிக் குறைந்த கணினிச் செலவில் இயங்கும் வடிவமும் அதில் உண்டு. பெரிய கணினிக்கூடங்கள் இல்லாத இடங்களுக்கு அது சின்ன விஷயமல்ல. ஆனால் இவ்வகை நெருக்கக் கணக்குகள் பொதுவாக வரைபடத்தின் கோடுகளையே நம்பியிருக்கின்றன. ‘குளுக்கோஸைச் சவ்வுக்குள் கடத்தும் பணி’, ‘குளுக்கோஸ் சவ்வைக் கடக்கும் நிகழ்முறை’ ஆகிய இரண்டும் இரு தனி மரங்களில் தொங்கினால் கணக்குக்கு அவை அந்நியர்கள். அசட்டு எழுத்தொப்புமைகூட அவற்றைச் சேர்த்துக் காட்டிவிடும் என்பதுதான் வேடிக்கை.

2010இல் வெளியான கட்டுரையொன்றில் ஜீன் ஆன்டாலஜிக் கூட்டமைப்பு, பிரிவுகளுக்கிடையே இணைப்புகள் போடத் தொடங்கியதை விவரித்தது. ஒரு பணியை ஒரு நிகழ்முறையின் பகுதி என்று எழுத வேண்டுமானால், அந்தப் பணி எந்த உயிரில், எந்தத் திசுவில் நடந்தாலும் அந்த நிகழ்முறையின் பகுதியாகவே இருக்க வேண்டும். பெரும்பாலும் என்பது போதாது. சவ்வுக் கடத்தி இந்தச் சோதனையில் தேறும். அது வேலை செய்தாலே கடத்தல் நடக்கிறது. ஹெக்சோகைனேஸ் தேறாது. குளுக்கோஸில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் இந்த நொதியைப் பாடநூல்கள் சர்க்கரையை உடைக்கும் கிளைக்காலிசிஸின் முதற்படி என்று சொல்லித்தருகின்றன. உண்மையில் அதன் விளைபொருள் கிளைகோஜனாகச் சேமிக்கப்படலாம், பென்டோஸ் பாஸ்பேட் பாதைக்கும் திரும்பலாம். சரி, கோட்டைத் திருப்பிப் போட்டு, ‘கிளைக்காலிசிஸ் ஹெக்சோகைனேஸைக் கொண்டது’ என்று எழுதினால்? அதுவும் நிற்காது. சேமித்த கிளைகோஜனை உடைத்துத் தொடங்கினால் அந்த நொதி இல்லாமலே கிளைக்காலிசிஸ் நடந்து முடியும். குளுக்கோஸிலிருந்து தொடங்கும் கிளைக்காலிசிஸ் என்று சொல்லைக் குறுக்கினால்தான் கோடு உண்மையாகும். இப்படிக் குறுக்கும்போது, பாடநூல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போன வேறுபாடுகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. இணைப்பதால் கிடைக்கும் முதல் லாபம் இது என்பேன்.

இத்தனை கண்டிப்பு இருந்தால் சுவாரசியமானதெல்லாம் வெளியே நின்றுவிடுமே என்று கேட்கலாம். ஷெல்லையே பாருங்கள். டிஎன்ஏவைப் பற்றி மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் பணி, மரபணுப் படியெடுப்பைக் கட்டுப்படுத்தும் நிகழ்முறையின் பகுதி. இந்தக் கோடு செல்லும். பழ ஓடு உருவாவதற்குக் கோடு போட முடியாது. போட்டால் அதே பணி செய்யும் மனிதக் கல்லீரல் புரதங்களும் பழம் உருவாக்குபவை ஆகிவிடும். ஆனால் ஷெல்லின் கதை அதனால் தொலைந்துவிடுவதில்லை. எல்லா இடத்துக்கும் பொருந்தும் உண்மை சொற்றொகுதிக்குள் போகிறது. இந்த மரபணுவுக்கு மட்டும் பொருந்துவது மரபணுவின் பெயரில், ஆதாரத்தோடு தனியாகப் பதிவாகிறது. 2019இல் அறிமுகமான கோ-காம் என்ற மாதிரி முறை, இந்த மரபணு, இந்தப் பணி, இந்த இடம், இந்த நிகழ்முறை, அடுத்து இது எதைத் தூண்டுகிறது என்று தனிக் கதைகளைக் கோத்து எழுத வழி செய்தது. வாத்தின் கண்ணில் லாக்டேட் டிஹைட்ரோஜனேஸ் என்ற நொதியே வில்லையின் கட்டுமானப் பொருளாக நிறைந்திருப்பதும் இந்த முறையைக் குலைப்பதில்லை. கோடு போவது புரதத்திலிருந்து அல்ல, பணியிலிருந்து. அந்தப் புரதத்துக்கு இரண்டு பணிகள். ஒவ்வொன்றும் தன் தன் நிகழ்முறைக்குப் போகும்.

கணினி தானாகச் சேர்க்கும் குறிப்புகள் பற்றிய குறையை நான் கண்டிப்பு பற்றிய கேள்வியைவிடக் கனமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு புரதத்துக்குக் கடத்திப் பணி என்று ஒருவர் எழுதினால், கோட்டைப் பிடித்துக்கொண்டு கணினி கடத்தல் நிகழ்முறையையும் சேர்த்துவிடும். பரிசோதனை ஒன்று, குறிப்பு இரண்டு. எந்த நிகழ்முறையில் மரபணுக்கள் குவிந்துள்ளன என்று எண்ணிப் பார்க்கும் ஆய்வாளர் இரண்டையும் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால் முடிவு வீங்கும். ஒவ்வொரு குறிப்பும் எப்படிக் கிடைத்தது என்பதற்கு ஆதாரக் குறியீடு உண்டு; மனிதர் சரிபார்க்காத தானியங்கிக் குறிப்புக்குத் தனிக் குறியீடே இருக்கிறது. அதைப் பாராமல் எண்ணுவது எண்ணுபவர் தவறு. மறுபக்கம், அதே தானியக்கம் பிழையைப் பிடிக்கவும் செய்கிறது. கோடுகளைத் தொடர்ந்து போய் ஒரு சுண்டெலிப் புரதத்துக்கு ஒளிச்சேர்க்கை என்று முடிவு வந்தால், முதற்குறிப்பு தவறா, கோடு தவறா என்று தொகுப்பாளர் தேட வேண்டியிருக்கும். கோடுதான் தவறு என்றால் அது நீக்கப்படும். அதை நம்பிப் பிறந்த குறிப்புகள் அத்தனையும் அடுத்த வெளியீட்டில் காணாமல் போகும்.