கடைக்கு வராத பிராய்லர் முட்டை

சேலத்து மளிகைக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி: "நாட்டு முட்டையா, பிராய்லர் முட்டையா?" அட்டையில் அடுக்கியிருக்கும் வெள்ளை முட்டையெல்லாம் நம் வாயில் பிராய்லர் முட்டைதான். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, நாமக்கல்லில் இதைச் சொன்னால் பண்ணைக்காரர் திருத்துவார்: "பிராய்லர் கறிக்குங்க. முட்டைக்கு லேயர்."

பிராய்லர் என்றால் அனலில் வாட்டிச் சமைக்க ஏற்ற இளங்கோழி. லேயர் என்றால் முட்டையிடுவது. ஒன்றுக்கு அடுப்பை வைத்துப் பெயர். மற்றதற்கு அது செய்யும் வேலையை வைத்து. இரண்டுக்கும் மூதாதை ஒரே காட்டுக்கோழிதான் என்பதை நம்புவது கடினம். மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் உடம்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொட்டு, முட்டையிடும் வயதைக் காணாமலே கறிக்கடைக்குப் போகிறது. பிராய்லர் குஞ்சுக்காகத் தாய்க்கோழி வளர்ப்பவர்களிடம்தான் உண்மையான பிராய்லர் முட்டை உண்டு. அது போவது பொரிப்பகத்துக்கு. வெள்ளை லெகார்ன் வழிவந்த லேயரோ ஒன்றரை கிலோ அளவில் நின்றுவிடும். ஐந்தாம் மாதவாக்கில் தொடங்கி ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும்.

எனக்கு வியப்பு அந்த முட்டையின் ஓட்டைப் பற்றித்தான். ஓர் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஒரு முட்டை உருவாகும் 25 மணி நேரத்தில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு கட்டவே போகிறது, அதிலும் பெரும்பகுதி இரவில். கோழி உறங்குகிறது, இரைப்பைக்கு வரத்து இல்லை. கால்சியத்துக்கு எங்கே போகும்? தன் எலும்புக்குத்தான். பருவம் வந்ததும் கால் எலும்பின் உட்குழிவில் தனியாக ஒரு மென்மையான எலும்பு வளர்கிறது. இரவில் அது கரைந்து ஓடாகிறது. பகலில் தின்ற தீனியிலிருந்து மறுபடி வளர்கிறது.

இதற்காகவே லேயர் தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல் துகளும் சேர்த்து, கால்சியத்தை 4 சதவீதம் அளவுக்கு வைக்கிறார்கள். பிராய்லருக்கு 1 சதவீதமே போதும். மளிகைக் கடையில் பெயர் மாறினால் நட்டமில்லை. தீவன மூட்டையில் மாறக் கூடாது. லேயர் தீவனத்தைத் தொடர்ந்து தின்னும் பிராய்லர் குஞ்சுக்குச் சிறுநீரகம் கெடும். பிராய்லர் தீவனத்தில் விட்ட லேயரோ சில நாளில் ஓடு மெலிந்து, கையில் எடுத்தால் அமுங்கும் தோல்முட்டையிடும்.