பழைய இயந்திர மனிதனின் மதிப்பு

ஈப்போ நகரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் பழம்பொருள் சந்தையில் பலவகைப் பொருள்கள் விற்பனைக்கு வைக்கப்படுகின்றன. பழைய நாணயங்கள், தபால்தலைகள், கைக்கடிகாரங்கள், பீங்கான் குவளைகள் ஆகியவற்றுக்கு நடுவே, சில வேளைகளில், உள்ளங்கை அளவேயான உலோக இயந்திர மனிதனையும் காணலாம். சிலருக்கு அது சாயம் போன ஒரு பொம்மை. அதே பொம்மையைச் சேகரிப்பாளர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார், எடையை உணர்கிறார், பாதத்தின் அடியில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படிக்கிறார். ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குவதற்கு முன்னும், விற்பதற்கு முன்னும், தூக்கி எறிவதற்கு முன்னும் அதை மதிப்பிடத் தெரிந்திருக்க வேண்டும். அந்த மதிப்பீடு எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சோகோகின் பிறந்த கதை

1972ஆம் ஆண்டில் ஜப்பானிய ஓவியக் கதை ஆசிரியர் கோ நகாய் ‘மசிங்கர் இசட்’ என்னும் கதையைப் படைத்தார். அதே ஆண்டு டிசம்பர் மாதம் அது தொலைக்காட்சியில் அனிமே தொடராக ஒளியேறத் தொடங்கியது. ஒரு மாபெரும் இயந்திர மனிதனின் தலைக்குள் இளைஞன் ஒருவன் அமர்ந்து அதை வாகனம்போல் ஓட்டுவது அக்காலச் சிறுவர்களுக்குப் புதுமையாக இருந்தது. கதையில் அந்த இயந்திர மனிதனின் உடல் எதனாலும் உடைக்க முடியாத ஓர் உலோகத்தால் ஆனது. அவ்வுலோகத்தின் பெயர் ‘சோகோகின்’. ஜப்பானிய மொழியில் இதற்கு ‘மேம்பட்ட கலப்புலோகம்’ என்று பொருள்.

பண்டாய் நிறுவனத்தின் துணை நிறுவனமான போப்பி, முதலில் 1973இல் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் உயரமுள்ள மசிங்கர் பொம்மையை நெகிழியில் செய்து விற்றது. அடுத்த ஆண்டு, கைக்கு அடக்கமான சிறிய மசிங்கரை உண்மையான உலோகத்தில் வார்த்து, கதையில் வரும் உலோகத்தின் பெயரையே அதற்குச் சூட்டியது. முட்டிக் கையைப் பாய்ச்சும் விசையும் அதில் இருந்தது. கதையில் கேட்ட உலோகத்தைக் கையில் ஏந்திய மகிழ்ச்சி சிறுவர்களைக் கவர்ந்தது. சோகோகின் பெரும் வெற்றி பெற்றது. 1983இல் போப்பி தாய் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. பின்னர், சிறுவயதில் அப்பொம்மைகளை வைத்து விளையாடி வளர்ந்தவர்களுக்காகவே பண்டாய் 1997இல் நுணுக்கமான புதிய வரிசையொன்றை வெளியிட்டது. அதன் முதல் பொம்மையும் மசிங்கர்தான். எனவே, இன்று ஒருவர் கையில் கிடைக்கும் உலோக மசிங்கர் 1974இல் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். அண்மையில் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். மதிப்பீடு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அச்சுவார்ப்பு என்றால் என்ன?

இத்தகைய பொம்மைகளின் உலோகப் பகுதிகள் அச்சுவார்ப்பு முறையில் செய்யப்படுகின்றன. துத்தநாகத்துடன் ஏறக்குறைய 4 விழுக்காடு அலுமினியம் சேர்ந்த கலப்புலோகம் இதற்குப் பயன்படுகிறது. இரும்பு உருக 1,538 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. துத்தநாகக் கலவையோ 400 பாகைக்குச் சற்றுக் குறைவான வெப்பத்திலேயே உருகிவிடும். உருகிய கலவையை மிகுந்த அழுத்தத்துடன் எஃகு அச்சுக்குள் செலுத்துவர். சில நொடிகளில் அது இறுகிவிடும். பிறகு அச்சைத் திறந்து பொருளை வெளியே தள்ளி, ஓரங்களைச் சீராக்கி, சாயம் பூசுவர். ஒரே அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான பொருள்களை நுணுக்கம் குன்றாமல் வார்க்க முடிவதே இம்முறையின் சிறப்பாகும்.

இத்தொழில் மலேசியாவுக்கும் புதியதன்று. உலகெங்கும் சிறுவர்கள் விளையாடும் ‘ஹாட் வீல்ஸ்’ மகிழுந்துகள் பல, பினாங்கு மாநிலத்தின் பிறையில் உள்ள தொழிற்சாலையில் வார்க்கப்பட்டவை. அவற்றின் அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தால் ‘மலேசியா’ என்ற சொல் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

அச்சுவார்ப்புப் பொம்மையையும் தகரப் பொம்மையையும் ஒன்றாகக் கருதுதல் கூடாது. தகரப் பொம்மை, வெள்ளீயம் பூசிய மெல்லிய எஃகுத் தகட்டை வளைத்துச் செய்யப்படுவது. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டப்பட்ட ஈயம், அதாவது வெள்ளீயம், உலகச் சந்தையில் பெரிதும் தேவைப்பட்டதற்கு இத்தகைய தகட்டுத் தொழிலும் ஒரு காரணமாகும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியக் காந்தம் ஒன்று போதும். எஃகுத் தகடு காந்தத்தில் ஒட்டும். துத்தநாகக் கலவை ஒட்டாது.

மதிப்பிட உதவும் ஐந்து கேள்விகள்

முதல் கேள்வி: இது எது? செய்த நிறுவனத்தின் பெயர், நாடு, ஆண்டு ஆகியவை பாதத்திலோ முதுகிலோ பொறிக்கப்பட்டிருக்கும். ஆண்டைப் படிக்கும்போது கவனம் தேவை. பல பொம்மைகளில் காணப்படும் ஆண்டு, அக்கதாபாத்திரத்தின் உரிமை பதிவான ஆண்டாகும். பொம்மை செய்யப்பட்ட ஆண்டன்று. 1972 என்று பொறித்த பொம்மை பல்லாண்டுகளுக்குப் பிறகு செய்யப்பட்டிருக்கலாம். ஆகவே எழுத்தை மட்டும் நம்பாமல், திருகாணிகளின் வகை, சாயத்தின் நிறம், பெட்டியின் அச்சு ஆகியவற்றையும் ஒப்பிட வேண்டும்.

இரண்டாம் கேள்வி: இது அசலா? புகழ்பெற்ற பொருளுக்குப் போலியும் உண்டு. போலிகள் பெரும்பாலும் அசல் பொம்மையையே மாதிரியாக வைத்து அச்செடுத்துச் செய்யப்படுகின்றன. அதனால் விளிம்புகள் மழுங்கி, எழுத்துகள் தெளிவிழந்து, அளவும் சற்றுச் சிறுத்துக் காணப்படும். எடையும் துணை செய்யும். துத்தநாகக் கலவை நீரைவிட ஆறு மடங்குக்கு மேல் அடர்த்தியானது. நெகிழியின் அடர்த்தியோ நீரின் அடர்த்தியை ஒட்டியதே. உலோகமாக இருக்க வேண்டிய மார்பும் கால்களும் இலேசாக இருந்தால் ஐயம் கொள்ளலாம். அசல் பொம்மைக்குப் போலிப் பெட்டி அமைவதும் உண்டு என்பதால், பெட்டியைத் தனியாக ஆராய்வது நல்லது.

மூன்றாம் கேள்வி: இது முழுமையாக இருக்கிறதா? இயந்திர மனிதனின் பாயும் கைகள், சிறு ஏவுகணைகள், வாள், ஒட்டுப்படங்கள், விளக்கத்தாள், அட்டைப்பெட்டி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே முழுப்பொருள். சிறுவர்கள் விளையாடும்போது முதலில் தொலைவது ஏவுகணைகள்தாம். பெட்டியோ திறந்த அன்றே குப்பைக்குச் சென்றுவிடும். எளிதில் தொலையக்கூடியது எதுவோ, பிற்காலத்தில் அதற்கே தேவை மிகுகிறது. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் பொம்மையின் சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கிக் குழந்தையொன்று உயிரிழந்த பிறகு, பல நிறுவனங்கள் அத்தகைய பகுதிகளின் வடிவத்தை மாற்றின. ஒரு பொம்மையின் ஏவுகணை பாய்கிறதா, ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதும் அதன் காலத்தைக் காட்டும் சான்றாகலாம்.

நான்காம் கேள்வி: இதன் நிலை என்ன? சாயம் உரிந்திருக்கிறதா, மூட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, விசைக்கம்பி துருப்பிடித்திருக்கிறதா, நெகிழி மஞ்சளாகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சேகரிப்பாளர்கள் பலர் ஒன்று முதல் பத்து வரை புள்ளியிட்டு நிலையைக் குறிக்கின்றனர். ஆயினும், அந்தப் புள்ளியைவிட, எந்த இடத்தில் என்ன குறை என்று எழுதிவைப்பதே தெளிவைத் தரும்.

நிலையைப் பார்க்கும்போது கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு நோயையும் அறிந்திருக்க வேண்டும். துத்தநாகக் கலவையில் காரீயம், வெள்ளீயம், காட்மியம் ஆகியவை மிகச் சிறிதளவு கலந்துவிட்டாலும், காலப்போக்கில் உலோகத்தின் உள்ளே அரிப்பு ஏற்படும். முதலில் சாயத்தின் மேல் கொப்புளங்கள் தோன்றும்; பிறகு மயிரிழை போன்ற வெடிப்புகள் பரவும்; இறுதியில் உலோகம் பிஸ்கட்டைப்போல் நொறுங்கும். இதைச் சேகரிப்பாளர்கள் துத்தநாக நோய் என்பர். வெப்பமும் ஈரப்பதமும் இதனை விரைவுபடுத்தும். இதற்கு மருந்தில்லை. பேராக் மாநிலத்தைச் செழிக்க வைத்த அதே வெள்ளீயம், துத்தநாகத்துடன் துளியளவு கலந்தாலும் அதனைக் கெடுத்துவிடுகிறது. ஓர் உலோகம் நல்லதா கெட்டதா என்பது அது சேருமிடத்தைப் பொறுத்தது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஐந்தாம் கேள்வி: இதனை எத்தனை பேர் தேடுகின்றனர்? பழமை மட்டும் விலையை உயர்த்துவதில்லை. எவரும் நினைவில் வைத்திராத கதாபாத்திரத்தின் பொம்மை அரியதாக இருந்தாலும் விலை போகாது. மாறாக, பலர் நேசிக்கும் கதாபாத்திரத்தின் பொம்மை எண்ணிக்கையில் மிகுந்திருந்தாலும் நல்ல விலை பெறும். விலையை அறிய, விற்பவர் கேட்கும் தொகையைப் பார்த்தால் போதாது. அதே நிலையிலுள்ள அதே பொம்மை உண்மையில் என்ன தொகைக்கு விற்றுமுடிந்தது என்று பார்க்க வேண்டும். கேட்கும் விலை ஒருவரின் விருப்பம். விற்ற விலை இருவரின் உடன்பாடு.

எது உயர்ந்தது?

இக்கேள்விகளைப் பயன்படுத்தும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரே ஆண்டில் செய்யப்பட்ட இரண்டு அசல் மசிங்கர் பொம்மைகள் மேசைமேல் இருப்பதாகக் கொள்வோம். முதலாவது பளபளக்கிறது, ஆனால் அதன்மேல் புதிதாகச் சாயம் பூசப்பட்டுள்ளது. இரண்டாவதன் மார்பிலும் முழங்காலிலும் கீறல்கள் உள்ளன. ஆனால் சாயம், ஒட்டுப்படம், கைகள் யாவும் அசல். அனுபவமற்றவர் முதலாவதைத் தேர்ந்தெடுப்பார். சேகரிப்பாளர் இரண்டாவதையே விரும்புவார். உரிந்த பழைய சாயம் அந்தப் பொருளின் வரலாற்றைக் காட்டுகிறது. புதிய சாயமோ அதனை மறைத்துவிடுவதோடு, கீழே வெடிப்புகள் உள்ளனவா என்று ஆராயவும் இடமளிப்பதில்லை. மின்னுவதெல்லாம் பொன்னன்று என்னும் பழமொழி இங்கு முற்றிலும் பொருந்துகிறது.

இதனால் பழைய பொம்மை கிடைத்தவுடன் அதைத் தேய்த்துக் கழுவுவதும் சாயம் பூசுவதும் தவறாகும். மெல்லிய தூரிகையால் தூசியை அகற்றினால் போதும். வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைக்கலாம். பெட்டியை ரப்பர் வளையத்தால் கட்டக்கூடாது. நம் நாட்டு வெப்பத்தில் ரப்பர் இளகி ஒட்டிக்கொண்டு, அட்டையிலும் சாயத்திலும் கறையை ஏற்படுத்தும். பழைய சாயங்களில் காரீயம் இருக்கக்கூடும் என்பதால், இத்தகைய பொம்மைகளைச் சிறு குழந்தைகளிடம் விளையாடக் கொடுப்பதும் பாதுகாப்பன்று.

விலையும் மதிப்பும்

விலை என்பது வேறு, மதிப்பு என்பது வேறு. இதனைப் பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்கள் நன்கு உணர்த்துகின்றன. 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் சுங்கை சிப்புட், தாப்பா, தெலுக் இந்தான் எனப் பல வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன. நாளடைவில் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். வீடு மாறும்போது ‘பழைய சாமான்’ என்று எண்ணி எறியப்பட்டவை ஏராளம்.

நாள் கூலியில் வாழ்ந்த தோட்டக் குடும்பத்திற்கு ஜப்பானிய உலோகப் பொம்மை எளிதில் எட்டக்கூடியதாக இருக்கவில்லை. தோட்டத்துச் சிறுவர்கள் தங்கள் விளையாட்டுப் பொருள்களைத் தாங்களே செய்துகொண்டனர். ரப்பர் கொட்டைகளை வைத்து விளையாடினர். பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டினர். பால் டின்னில் சக்கரம் கோத்து வண்டி செய்தனர். இவற்றுக்குச் சந்தையில் விலைப்பட்டியல் இல்லை. ஆனால், அப்படியொரு டின் வண்டி இன்றும் எங்கேனும் எஞ்சியிருந்தால், அதுவும் ஒரு காலத்தின் சான்றாகும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்ட மசிங்கருக்கு இணையான இன்னொன்றை உலகில் எங்காவது தேடிப் பிடிக்கலாம். ஒரு சிறுவன் தன் கையால் செய்த வண்டிக்கு இணையான இன்னொன்று கிடைக்காது.

வியப்பு என்னவெனில், மேற்கூறிய கேள்விகள் இத்தகைய பொருள்களுக்கும் பொருந்தும் என்பதே. பால் மரத்தைச் சீவிய உளி, பால் ஏந்திய மங்கு, வாளிகளைச் சுமந்த காண்டா ஆகிய எதுவாயினும், இது எது, அசலா, முழுமையானதா, எந்நிலையில் உள்ளது என்று கேட்கலாம். அத்துடன் ஆறாவது கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: இது யாருடையது, எங்கே, எதற்குப் பயன்பட்டது? அதற்கு விடை சொல்லக்கூடிய தாத்தா, பாட்டி வீட்டில் இருக்கும்போதே கேட்டு, ஒரு சீட்டில் எழுதி, பொருளுடன் சேர்த்து வைக்க வேண்டும். பெட்டி இல்லாத பொம்மைக்கு விலை குறைவதுபோல, கதை இல்லாத பழம்பொருளுக்கும் மதிப்புக் குறைந்துவிடும்.

ஆகவே, மதிப்பிடுதல் என்பது விலை கூறும் திறன் மட்டுமன்று. பொருளைக் கூர்ந்து நோக்குதல், சான்றுகளை ஒப்பிடுதல், அவசரமாக முடிவெடுக்காதிருத்தல் ஆகிய பண்புகளின் கூட்டே அது. இப்பண்புகளைப் பெற்ற மாணவர் சந்தையில் ஏமாறமாட்டார். வீட்டின் மூலையில் கிடக்கும் அரிய பொருளைக் குப்பையென்று எறியவும் மாட்டார்.