சமையலறையில் மக்காத குப்பைக்கு ஓர் இடம்

வீட்டுக் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் குப்பை என மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். இம்மூன்றும் சம அளவில் சேர்வதில்லை. ஒரே அளவில் மூன்று தொட்டிகள் வாங்குவது வீண். காய்கறித் தோலும் மிச்சச் சோறும் கனமானவை, ஆனால் தினமும் வெளியேறுபவை. அவற்றுக்கு மூடியுள்ள சிறு வாளி போதும். மக்காத குப்பை எடை குறைவு, இடமோ அதிகம். பல நாள் தங்கும் என்பதால் பெரிய கூடையோ சாக்கோ தேவை.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது ஈரம்தான். கழுவாத பால் பாக்கெட் விரைவில் நாறும். எறும்பும் கரப்பானும் வரும். பக்கத்தில் கிடக்கும் காகிதமும் நனைந்து வீணாகும். பாக்கெட்டின் மூலையைத் துண்டாக்காமல் ஒட்டியபடியே வெட்டி, கழுவி, பாத்திரம் துலக்கும் இடத்துக்கு மேலே ஒரு கம்பியில் கிளிப் போட்டு உலர்த்தலாம். துண்டாகிவிட்ட சிறு மூலை, குப்பை பிரிப்பவர் கையில் சிக்குவதே இல்லை.

செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் சமையலறைக்குள் வரவே வேண்டாம். பழைய பேப்பர் கடைக்குப் போகும்வரை பரணில் தட்டையாக அடுக்கலாம். தீர்ந்த பேட்டரிக்கும் காலாவதியான மருந்துக்கும் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு டப்பா. அது நிரம்ப மாதங்கள் ஆகும்.