காற்றில் ஒரு கணக்கு – 9: தங்க அட்டைக்கு இன்னும் நான்கு மாதம்

போன வாரம் விமானப் பயணத்தில் மைல் சேரும் விதத்தைப் பார்த்தோம். மைலைச் செலவழித்து டிக்கெட் வாங்கலாம். ஆனால் ஒரே வருடத்தில் நிறையப் பறந்தவருக்கு மைலோடு சேர்ந்து ஒரு தகுதி அட்டையும் கிடைக்கிறது. வெள்ளி, தங்கம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எப்போதாவது விமானம் ஏறுகிறவர் கையில் அது வந்தால் என்ன செய்வது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

என் கையில் வந்த கதையைச் சொல்கிறேன். அலுவலக வேலையாக ஒரே வருடத்தில் ஐந்து முறை சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக சிட்னி போய் வந்தேன். ஒரு தடவை போய் வந்தால் சுமார் 11,400 மைல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில் 12 மாதத்துக்குள் 50,000 மைல் தொட்டால் தங்கம். டிக்கெட் கம்பெனி எடுத்தது, முழு மைலும் ஏறியது, தங்கமும் வந்தது. அந்த வேலை முடிந்துவிட்டது. இனி வருடத்துக்கு ஒன்றிரண்டு பயணம்தான்.

சொந்தக் காசில் இதை எட்ட நினைத்தால்? சென்னை–சிங்கப்பூர் ஒரு வழி சுமார் 1,800 மைல். முழு மைல் தரும் டிக்கெட்டிலேயே 14 முறை போய் வர வேண்டும். நாம் தேடிப் பிடிக்கும் மலிவு டிக்கெட்டில் பாதி மைல்தான் ஏறுமென்றால் 28 முறை. தங்கத்தைப் புதுப்பிக்கவென்று தேவையில்லாத பயணம் போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இப்படி ஒரு திட்டம் தொடங்கியது, அடிக்கடி பறப்பவர் வேறு விமானத்துக்குப் போய்விடாமல் இருக்கத்தான். இன்று இது தனி வியாபாரம். 2020இல் கொரோனா முடக்கத்தில் யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடகு வைத்துக் கடன் வாங்கியபோது, அதன் மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். அந்த மதிப்பில் நம் பணத்தையும் சேர்க்க வேண்டியதில்லை.

தானாக வந்ததை மட்டும் வீணாக்காதீர்கள். கிரிஸ்ஃப்ளையர் தங்கம் என்றால் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியிலும் தங்கம். 2014இலிருந்து ஏர் இந்தியா அந்தக் கூட்டணியில் இருக்கிறது. ஆகவே டெல்லிக்கு ஏர் இந்தியாவில் போனாலும் செல்லும். இண்டிகோ அதில் இல்லை. திருச்சிக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: அங்கிருந்து சிங்கப்பூர் போகும் ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் இரண்டும் அந்தக் கூட்டணிக்கு வெளியே. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா என்று தாய் நிறுவனத்தின் பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போதே உறுப்பினர் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். போர்டிங் பாஸில் ‘கோல்ட்’ என்று அச்சாகியிருக்கிறதா என்று கவுண்ட்டரைவிட்டு நகரும் முன் பாருங்கள்.

எல்லோரும் முதலில் கேட்பது லவுஞ்ச். கூட்டணி விமானத்தில் பறக்கும் ஒருவரைக் கூட அழைத்துப் போகலாம், நல்லதுதான். ஆனால் சாப்பாடும் சாய்வு நாற்காலியும் வங்கி அட்டைகளிலும் கிடைத்துவிடுகின்றன. எனக்குப் பெரிதாகப் பட்டது கூடுதல் 20 கிலோ சாமான்.

சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அம்மாவை அழைத்துப் போனேன். தங்கை கேட்டது மாவரைக்கும் டேபிள் டாப் கிரைண்டர். பெட்டியோடு 11 கிலோ. என் டிக்கெட்டில் 25 கிலோ, தங்கத்தால் 45. கிரைண்டரை என் பெயரில் போட்டேன். அதன்மேல் வடகம், நார்த்தங்காய் ஊறுகாய், இட்லி அரிசி. கவுண்ட்டரில் இருந்த பெண் பெட்டியின் கயிற்றில் ‘பிரயாரிட்டி’ சீட்டைக் கட்டினார். சாங்கி விமான நிலையத்தில் பெல்ட் சுற்ற ஆரம்பித்ததும் மூன்றாவதாக வந்தது. “நம்ம பெட்டிதான்டா, அது நான் போட்ட முடிச்சு” என்று அம்மா சக்கர நாற்காலியிலிருந்தே கை காட்டினார். முழங்கால் வலியோடு அவர் அங்கே அரை மணி காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

அதைவிடப் பெரிய உதவி கெட்ட நாளில் வந்தது. கூட்டணியின் வேறொரு விமானம் தாமதமாகி, நடு வழியில் இணைப்பு விமானத்தை விட்டுவிட்டேன். உதவி கவுண்ட்டரில் இருநூறு பேர் வரிசை. பக்கத்தில் தங்க அட்டைக்கென்று தனிக் கவுண்ட்டர், என் முன்னால் ஒரே ஒருவர். பத்து நிமிடத்தில் மறுநாள் காலை விமானத்தில் இடம் போட்டுக் கொடுத்தார்கள். அதில் சில இடங்கள்தான் மீதி என்பது திரையைப் பார்த்தபோது தெரிந்தது. திரும்பி நடக்கையில் அந்த நீள வரிசையின் கடைசியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தார். எனக்குக் கிடைத்த இடம் அவருக்கும் வேண்டியதாக இருந்திருக்கும். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆகவே இப்படி வைத்துக்கொண்டிருக்கிறேன்: தங்கம் இருக்கும்வரை, வழியில் மாற வேண்டிய பயணங்களையும் வயதானவர்களோடு போகும் பயணங்களையும் முன்னால் இழுத்துக்கொள்வது. டிக்கெட் விலையில் வித்தியாசம் சிறிதாக இருந்தால் கூட்டணி விமானம், பெரிதாக இருந்தால் மலிவு விமானம்.

என் அட்டை மார்ச் கடைசியில் முடிகிறது. அத்தைக்கு எழுபத்திரண்டு வயது, இதுவரை விமானம் ஏறியதில்லை. பிப்ரவரியில் தங்கை வீட்டுக்கு அவருக்கும் எனக்குமாக டிக்கெட் போட்டுவிட்டேன். இந்த முறை தங்கை கேட்டிருப்பது இரும்பு தோசைக்கல், இரண்டு.

(அடுத்த வாரம்: மூன்று வருடத்தில் காலாவதியாகும் மைல்கள்)