அனலில் பிறந்த அலைக்கூந்தல்

1870-களில் பாரிஸ் மாநகரில் சிகையலங்காரத் தொழில் புரிந்த மார்செல் கிராட்டோ என்பவர், அனலில் காய்ச்சிய இடுக்கியால் பெண்மணிகளின் கேசத்தில் கடலலை போன்ற நெளிவுகளை உண்டாக்க, அம்முறை அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்கலாயிற்று. இடுக்கியின் உஷ்ணத்தை முதலில் ஒரு காகிதத்தில் சோதித்து, அது கருகாத பதம் கண்ட பின்னரே கூந்தலைத் தொடுவது அக்கால ஒப்பனையாளரின் வழக்கம். கேசத்திலுள்ள கெராட்டின் என்னும் புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகள் வெப்பத்தால் தளர்ந்து, ஆறும்போது புதிய வடிவத்தில் மீண்டும் இறுகுவதே இதன் ரகசியம். ஆகையால், இக்கலையைப் பயில விரும்புவோர், முற்றிலும் உலர்ந்த கூந்தலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, மிதமான சூட்டில் சில விநாடிகள் மட்டுமே சுற்றிவைத்து, சுருள் நன்றாக ஆறும்வரை சீப்பைத் தொடாதிருத்தல் அவசியம். ஈரக் கூந்தலில் கடுஞ்சூடு பட்டாலோ, உள்ளிருக்கும் நீர் ஆவியாகி இழையையே சிதைத்துவிடும்.