தோட்டப் பதிவேட்டில் தேடும் முறை

தோட்டக் குறிப்புகளைக் கைப்பேசியில் எழுதிவரும் அங்கத்தினர் சிலர், எழுதியது இருந்தும் தேடினால் அகப்படவில்லை என்று நம்மிடம் குறைப்படுகின்றனர். காரணம் எழுத்திலேயே உள்ளது. 'நோய்' என்னும் சொல்லின் முதலெழுத்தில் முன்னுள்ள கொம்பும் பின்னுள்ள காலும் ஒரே குறியாகவும் பதிவாகலாம். இரு தனிக் குறிகளாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவற்றைச் சமமாகக் கொள்ளும் ஏற்பாடில்லாத செயலி, ஒன்றைத் தேடினால் மற்றதைக் காட்டாது. கத்தரி, கத்திரி என்ற பேதமோ நாமே விளைவிப்பது!

தாவரப் பெயரும் நிலையானதன்று. தக்காளிக்கு 1753-இல் லின்னேயஸ் இட்ட சொலானம் என்ற பேரினப் பெயரை 1768-இல் மில்லர் லைக்கோபெர்சிகான் என மாற்றினார். இன்று பழைய பெயரே மீண்டும் வழங்குகிறது.

இது அற்ப விஷயமன்று. பாக்டீரியா வாடல் நோயின் கிருமி மண்ணில் தங்கித் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் தாக்கும். சென்ற போகத்தில் தக்காளி வாடிய பாத்தி எதுவென்ற குறிப்பு அகப்படாவிடில், அங்கேயே கத்தரி நாற்றை நட்டு முதலை இழக்க நேரும்.

ஆகவே பாத்திகளுக்கு எண் கொடுத்து, அதைக் கொண்டே தேடுவது உத்தமம். ஆனால் 1 என்று தேடினால் 10, 11, 21 யாவும் வந்து நிற்கும். 01 என்றே எழுதுக.