191க்கு 1 தம்பி

1992ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில் மான்செஸ்டர் என்ற ஊர். அங்குள்ள ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் மக்காச்சோள மணிகளைப் பரப்பி ஒரு களம் அமைத்திருந்தார்கள். சோளத்தின் மேல் கிடந்த டென்னிஸ் பந்துகளை, மாணவர்கள் தாங்களே செய்த ரோபோக்களை வைத்துப் பொறுக்க வேண்டும். வந்திருந்தவை 28 அணிகள். கண்டுபிடிப்பாளர் டீன் கேமனும், எம்.ஐ.டி. பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸும் சேர்ந்து உருவாக்கிய 'ஃபர்ஸ்ட்' ரோபோ போட்டியின் முதல் ஆண்டு அது.

அந்தக் கூடத்தில் ரோச்செஸ்டர் நகரத்து மாணவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய அணிக்கு 'எக்ஸ்-கேட்ஸ்' என்று பெயர். மிச்சிகன் மாநிலத்துப் பான்டியாக் நகரின் 'ஜக்கர்நாட்ஸ்' அணி அன்றைக்கு அங்கே இல்லை. அவர்கள் களத்துக்கு வந்தது சில ஆண்டுகள் கழித்து. இன்று ஜக்கர்நாட்ஸின் எண் 1. எக்ஸ்-கேட்ஸின் எண் 191.

மூத்தவருக்கு 191, இளையவருக்கு 1. இந்தத் தலைகீழ் எப்படி வந்தது?

போட்டியின் முதல் சில ஆண்டுகளில் எண்ணுக்கு ஆயுள் ஒரு வருடம்தான். அடுத்த வருடம் வேறு எண் வரும். ஐம்பது, அறுபது அணிகள் இருந்தவரை அதில் சங்கடம் இல்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். 1998இல் அணிகள் இருநூறை நெருங்கின. இனி ஓர் அணிக்கு ஒரே எண், அது மாறாது என்று முடிவானது. அப்போது ஏற்கெனவே இருந்த அணிகளை எந்த வரிசையில் நிறுத்துவது? பணமும் பொறியாளர்களும் தந்த நிறுவனத்தின் பெயரை ஆங்கில அகர வரிசையில் அடுக்கினார்கள். பிரிஸ்டல்-மையர்ஸ் நிறுவனத்தின் ஆதரவு பெற்ற அணிக்கு 25. கிறைஸ்லர் அணிக்கு 33. டெல்ஃபைக்கு 47, ஜெனரல் மோட்டார்ஸுக்கு 67, மோட்டரோலாவுக்கு 111, நாசாவுக்கு 118. எண்ணைச் சொல்லச் சொல்ல, முதலெழுத்து பி, சி, டி, ஜி என்று நகர்வதைப் பார்க்கலாம். ரோச்செஸ்டர் மாணவர்களுக்குத் துணை நின்றது, நம் ஊரில் நகல் எடுப்பதற்கே பெயராகிப் போன ஜெராக்ஸ். ஆங்கிலத்தில் அது எக்ஸ் எழுத்தில் தொடங்குகிறது. அதனால் வரிசையின் வாலில் போய் நின்றார்கள்.

பள்ளியில் வருகைப் பதிவேட்டை அகர வரிசையில் எழுதிய ஆசிரியரிடம் படித்தவர்களுக்கு இது புரியும். பெயரின் முதல் எழுத்து, ஆண்டு முழுக்க நம்முடைய இடத்தைத் தீர்மானித்துவிடும். ஆனால் பதிவேடு அடுத்த ஜூன் மாதம் மாறிவிடும். 1998இல் எழுதிய இந்தப் பதிவேடு இன்னும் மாறவில்லை. அன்று துணை நின்ற நிறுவனங்களில் சில பெயர் மாறின, சில கைமாறின, சில விலகின. அவை விட்டுச்சென்ற எண் மட்டும் பிள்ளைகளின் சட்டையில் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த அணிகளுக்கு, வந்த வரிசையிலேயே எண் கிடைத்தது. எனவே அங்கிருந்து எண் வயதைச் சொல்லும். கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரத்து 254, 1999இல் ஆடத் தொடங்கியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து 1114, 2003இல் வந்தது. அதே மாகாணத்தின் 2056, 2007இல். எண்ணைக் கேட்டதுமே, 'இவர்கள் பழையவர்கள்', 'இவர்கள் நேற்று வந்தவர்கள்' என்று கணக்குப் போடும் பழக்கம் போட்டியாளர்களிடம் இயல்பாக வந்துவிட்டது. இந்தக் கணக்கை நான் அதிகம் நம்ப மாட்டேன். இந்தப் போட்டியில் அணிகள் கூட்டணி சேர்ந்துதான் ஆடும். 2022இல் உலகப் பட்டம் வென்ற கூட்டணியில் இருந்த நான்கு அணிகள்: 254, 1619, 3175, 6672. முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் நடுவே ஏறக்குறைய பதினெட்டு ஆண்டு இடைவெளி. கோப்பையில் நால்வருக்கும் ஒரே பங்கு.

இன்று புதிதாக ஓர் அணி தொடங்கினால், பதிவு செய்தவுடன் கிடைப்பது தற்காலிக எண். பதிவுக் கட்டணம் உறுதியான பிறகுதான் நிரந்தர எண். ஒரு பருவத்துக்குக் கட்டணம் சுமார் 6,000 டாலர். அதைத் திரட்டப் பிள்ளைகள் கார் கழுவுகிறார்கள், கேக் விற்கிறார்கள், உள்ளூர்க் கடைகளின் படியேறுகிறார்கள். ஆகவே அந்த எண் கைக்கு வரும் நாள் அவர்களுக்குச் சாதாரண நாள் அல்ல. ஒரு குழந்தைக்குப் பெயர் வைத்த நாள் மாதிரிதான் அதைக் கொண்டாடுகிறார்கள். அணிக்கென்று அழகான பெயர் ஒன்று இருக்கும். ஆனால் களத்தில் கூப்பிடுவது எண்ணைச் சொல்லித்தான்.

எண் எங்கெல்லாம் போகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ரோபோவைச் சுற்றி, பஞ்சுக்குழாய் வைத்துத் துணி போர்த்திய பம்பர் இருக்கும். சிவப்புக் கூட்டணிக்குச் சிவப்பு, நீலக் கூட்டணிக்கு நீலம். அதன் மேல் சுமார் நான்கு அங்குல உயரமுள்ள எண், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் ஆளுக்கொரு ரோபோவைக் கண்ணால் தொடர்ந்து, எத்தனை முறை இலக்கை அடைந்தது, எங்கே தடுமாறியது என்று எண்வாரியாகக் குறித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தக் குறிப்புக்கு வேலை வருவது கூட்டணித் தேர்வில். தகுதிச் சுற்றுகள் முடிந்ததும் முன்னணி அணிகளின் பிரதிநிதிகள் களத்தின் நடுவே வந்து நிற்பார்கள். ஒருவர் ஒலிவாங்கியை வாங்கி ஓர் எண்ணைச் சொல்வார். கூட்டத்தில் ஒரு மூலை துள்ளி எழும். இரண்டு நாளாகத் தூங்காமல் உடைந்த கியரை மாற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, தங்கள் எண் அரங்கம் முழுக்க ஒலிக்கும் அந்த நொடியைவிடப் பெரிய பாராட்டு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் எண்தான் ஓடுகிறது. ரோபோவின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுக் கணினிக்கு ஒரு பிணைய முகவரி தேவை. அதை அணியின் எண்ணிலிருந்தே எடுத்தார்கள். எண்ணைக் கடைசி இரண்டு இலக்கத்துக்கு முன்னால் வெட்டி, 10 என்ற எண்ணுக்குப் பின்னால் வைக்க வேண்டும். 1114 அணி என்றால் முகவரி 10.11.14 என்று தொடங்கும். 254 என்றால் 10.2.54. ஒற்றை இலக்கமான 1 என்றால் 10.0.1. ஒரே களத்தில் பல ரோபோக்கள் ஒரே நேரத்தில் இயங்கும்போது, ஒன்றின் கட்டளை இன்னொன்றுக்குப் போகாமல் இருக்க இந்த எளிய வழி உதவுகிறது. எண்ணைத் தவறாகத் தட்டினால் ரோபோ அசையாது. இதில் எனக்குப் பிடித்த ஒரு பொருத்தம் உண்டு: ஆங்கிலத்தில் 1114 அணியைக் கூப்பிடும்போதும் 'லெவன்-ஃபோர்டீன்' என்று அதே இடத்தில்தான் வெட்டுகிறார்கள். நாக்கு பிரித்த இடமும் கணினி பிரித்த இடமும் ஒன்று.

2025 பருவத்தில் புதிய அணிகள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட எண்களோடு களமிறங்கின. நான்கு இலக்கத்துக்குப் பழகிய பம்பரில் ஐந்து இலக்கத்துக்கு இடம் பார்க்க வேண்டியிருந்தது. இந்தப் பத்தாயிரம் எதன் எண்ணிக்கை என்பதில்தான் எனக்கு அக்கறை.

பத்தாயிரம் அணிகள் இன்று ஆடவில்லை. ஒரு பருவத்தில் ஆடுபவை மூவாயிரத்துச் சொச்சம். கலைந்துபோன அணியின் எண்ணை எடுத்துப் புதியவர்களுக்குக் கொடுப்பதில்லை. அதனால் வழங்கப்பட்ட எண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டுக்கு இன்றைக்குக் களத்தில் ஆள் இல்லை. அணி ஏன் கலைகிறது? பெரிய காரணம் தேவையில்லை. வழிகாட்டியாக இருந்த ஒரே ஆசிரியர் ஓய்வு பெறுவார். பணம் தந்த ஆலை மூடப்படும். முதல் தலைமுறை மாணவர்கள் கல்லூரிக்குப் போனதும் அடுத்து எடுத்து நடத்த ஆள் இருக்காது. பள்ளிகள் இணையும், இரண்டு எண்ணில் ஒன்று நிற்கும், ஒன்று போகும்.

பத்தாயிரம் என்ற எண்ணைப் பார்க்கிறவர்கள் அதை வளர்ச்சியின் அளவாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதைத் தொடக்கங்களின் கணக்காகவே படிக்கிறேன். ஏறத்தாழ பத்தாயிரம் முறை எங்கோ யாரோ, 'நாமும் ஒரு ரோபோ செய்வோம்' என்று கிளம்பியிருக்கிறார்கள். பெரும்பாலோரால் தொடர முடியவில்லை. புது அணியைத் தொடங்கி வைப்பதற்குக் கிடைக்கும் உதவியும் கைதட்டலும், மூன்றாம் ஆண்டில் மூச்சு வாங்கும் அணிக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்தக் காலி எண்களை நிரப்பி மறைக்காமல் அப்படியே விட்டிருப்பது நேர்மையான ஏற்பாடு. பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அதே பள்ளி மறுபடி வந்தால், பழைய எண்ணோடேயே திரும்ப வழி இருக்கிறது.

எல்லாப் போட்டிகளும் இந்த வழியில் போகவில்லை. 'வெக்ஸ்' போட்டியில் ஒரு பள்ளிக்கு ஓர் எண் தந்து, அந்தப் பள்ளியின் ஒவ்வோர் அணிக்கும் பின்னால் ஏ, பி, சி என்று எழுத்து சேர்க்கிறார்கள். குடும்பப் பெயரும் பிள்ளை பெயரும் போல. 'ஃபர்ஸ்ட்' அமைப்பே நடத்தும் 'டெக் சாலஞ்ச்' போட்டிக்குத் தனி எண் வரிசை. சிறிய ரோபோ, குறைந்த செலவு என்பதால் அங்கே ஐந்து இலக்கம் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

பெரிய போட்டிக்கு ஐந்து இலக்கம் வந்தபோது பிணைய முகவரிக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை எளிது. 12345 என்ற அணி வந்தால் 10.123.45 என்று வெட்டிக்கொள்ளலாம். முகவரியின் ஒவ்வொரு பகுதியும் 255 வரைதான் போகும். எனவே இந்த முறையில் இடம் பிடிக்கக்கூடிய கடைசி அணி 25599. நிரந்தர எண் வந்த 1998 முதல் இதுவரை ஆண்டுக்கு ஏறத்தாழ 370 எண்கள் கரைந்திருக்கின்றன. இதே வேகத்தில் போனால் இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு இடம் இருக்கிறது. அந்தக் கடைசி எண்ணை வாங்கப்போகும் மாணவர்கள் இன்னும் பிறக்கவே இல்லை.